செவலையின் தம்பி

தேநீர் தம்ளர் கையில் இருக்கும் வரை யாரும் என்னைக் குதிரைமேல் ஏறச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்த ஆள் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள், அது மரியாதை. அந்த மரியாதையை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஜீனத் இஞ்சி தட்டிப் போட்டு, தம்ளர் விளிம்பு வரைக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். மகராசி, இன்னும் கொஞ்சம் பெரிய தம்ளராகக் கொடுத்திருக்கலாம். ஒரு வாய் குடித்துவிட்டு ஊதுகிறேன். ஆறிப் போனது தெரிந்தும் இன்னொரு முறை ஊதுகிறேன். எதிரே மாமரத்தடியில் அவள் புருசன் காஜா பாய் அந்தக் கறுப்புக் குதிரையின் பிடரியைச் சீவிக்கொண்டிருக்கிறார், பொண்ணு பார்க்க வந்த வீட்டில் பெண்ணுக்குத் தலை வாருகிற மாதிரி. குதிரையின் பெயர் தம்பி. இது என்ன பெயர் என்று வந்தவுடனே கேட்டேன். "செவலைக்குத் தம்பிதானண்ணே, அதான்" என்றாள் ஜீனத். பத்து வருசத்துக்கு முன்னால் இதே மரத்தடியில் இவர்களிடம் நான் வாங்கிப்போன பெண்குதிரைதான் செவலை. அதே தாய்க்கு அப்புறம் பிறந்தவன் இவன். நிறம் வேறு, ஆனால் காது அவள் காது. ஒரு காதை முன்னாலும் ஒரு காதைப் பின்னாலும் வைத்துக்கொண்டு, நாம் பேசுவதைப் பாதி கேட்டு மீதியை விட்டுவிடுகிற காது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தம்ளருக்குள் பார்க்கிறேன்.

வந்ததிலிருந்து நானும் சும்மா இருக்கவில்லை, குறை தேடினேன். முப்பது வருசமாகக் கொடைக்கானலில் குதிரையோடு குதிரையாகக் கிடந்தவன், குறை கண்டுபிடிக்கத் தெரியாதா எனக்கு. வாயைத் திறந்து பல் பார்த்தேன், சொன்ன வயசு சரியாக இருந்தது. சுழி பார்த்தேன். கெட்ட சுழி ஒன்று, ஒன்றே ஒன்று, கழுத்தடியிலோ விலாவிலோ வால் பக்கத்திலோ அகப்பட்டால் போதும், "சுழி சரியில்ல பாய்" என்று சொல்லிவிட்டு மதிய பஸ்ஸில் ஏறிவிடலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். நெற்றியில் ஒற்றைச் சுழி, நடு மத்தியில். வேறெங்கும் இல்லை. குளம்பைத் தூக்கித் தட்டினேன். கல் மேல் மூன்று தடவை நடக்க விட்டேன். காதருகில் கை தட்டினேன், மிரளவில்லை. கடைசியில் அது வந்து என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றது, அதுவும் சரியாக இடது தோளில், பத்து மாசத்துக்கு முன்னால் நான் விழுந்து ஒடிந்த எலும்பு கூடின இடத்தில். காஜா பாய் சிரித்தார். "ஆளப் புடிச்சுப் போச்சு அவனுக்கு. சேணத்தப் போடுறேன், ஒரு சுத்து ஏறிப் பாத்துருங்க" என்றார். நல்லவேளை அப்போதுதான் ஜீனத் தம்ளரோடு வந்தாள்.

ஏறிப் பார்ப்பதுதான் முறை. ஏறிப் பார்க்காமல் குதிரை வாங்குகிறவன் உண்டா? ரெஜினா போட்டிருக்கிற திட்டம் அதற்கும் மேலே. என் வீட்டுக்காரிக்குத் திட்டம் போடுவதில் யாரும் நிகரில்லை. காலையில் பெரியகுளம், குதிரையைப் பிடிப்பது, அப்படியே மேலே ஏறி உட்கார்ந்து கும்பக்கரை வழியாகப் பழைய ஒற்றையடிப் பாதையில் மலையேறுவது, பொழுது சாய்வதற்குள் வீடு. "லாரி எதுக்கு, ஒங்களுக்குத் தெரியாத பாதையா" என்றாள். தெரியாத பாதையா. அவள்தான் போனில் படம் பார்த்து இவனைக் கண்டுபிடித்தாள். "கறுப்புங்க. முழுக் கறுப்பு. ஏரிப் பக்கம் நிறுத்துனா சனம் போட்டோ எடுக்கவே வரும், சீசன் முழுக்க நமக்கு ஓய்வு இருக்காது" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம், பத்து மாசமாகப் பார்க்காத வெளிச்சம். அந்த முகத்திடம் போய் நான் என்னத்தைச் சொல்வேன். பத்து மாசமாக அடுத்தவன் குதிரைகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். தோள் இன்னும் சரியாகவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். தோள் சரியாகி எட்டு மாசம் ஆகிறது. தண்ணீர்க் குடம் தூக்குகிறேன், விறகு பிளக்கிறேன், எல்லாம் ரெஜினா இல்லாத நேரத்தில். தோளில் ஒன்றும் இல்லை. காலில்தான். அங்கவடி வளையத்தில் இடது காலை வைத்து உடம்பைத் தூக்க வேண்டிய அந்த நொடியில் முழங்கால் ஆட ஆரம்பிக்கிறது, குளிரில் ஆடுவது மாதிரி, நிறுத்தவே முடியவில்லை. என்னோடு வரிசையில் நிற்கிற ஜெயசீலனின் கிழட்டுக் குதிரை, பச்சைப் பிள்ளைகள் ஏறுகிற குதிரை, அதன் மேலும் ஏற முடியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு காலை எடுத்துக் கீழே வைத்தேன். குதிரை மட்டும் திரும்பிப் பார்த்தது.

பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விழுந்ததிலிருந்து என்று சொல்லலாம். விழாத குதிரைக்காரன் யார்? சின்ன வயசில் நாலு தடவை விழுந்து எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத பயம் இப்போது ஏன் வந்தது? செவலை தள்ளி விட்டாள், அதனால்தான் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லும் என்றால் ஊருக்கு யார் சொன்னது, நான் சொன்னது. சரி, அதைத் தொட வேண்டாம். தேநீரைக் குடி. பைன் காட்டைத் தாண்டினால் பாதை குறுகி ஒரு வளைவு வரும், இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றுமில்லை, கீழே பஞ்சு மாதிரி மேகம். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி பின்னால் இரண்டு குதிரைகளில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் பயம். அதற்காக நான் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு, லகானைத் தொடைமேல் போட்டுவிட்டு, எப்போதும் சொல்கிற அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன், கல்யாணமான நாளிலிருந்து இன்று வரை ஒரு தடவைகூட விழுந்ததில்லைம்மா, குதிரை தூங்கினாலும் நான் தூங்க மாட்டேன் என்று. செவலை நின்றாள். முந்தின ராத்திரி மழையில் பாதையின் ஓரம் ஒரு முழத்துக்கு இடிந்து போயிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், நின்றாள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். திரும்பி உட்கார்ந்திருந்த நான் நிற்கவில்லை, அவள் கழுத்து வழியாக வழுக்கிக்கொண்டு போய் அவள் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் விழுந்தேன். தலை பாதைக்கு வெளியே தொங்கியது. அவள் ஒரு காலை, ஒரே ஒரு காலை எடுத்து வைத்திருந்தால் நான் மிதிபட்டிருப்பேன், இல்லையென்றால் உருண்டு மேகத்துக்குள் போயிருப்பேன். அவள் அசையவில்லை. கல்லாக நின்றாள். மூச்சு மட்டும் என் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது, கேரட் வாசனையோடு.

அப்புறம் பின்னால் வந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள், ஜெயசீலன் வந்தான், என்னாச்சு என்னாச்சு என்றார்கள். அந்தப் பொண்ணு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட விழுந்ததில்லைம்மா என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை. அந்த வாய்தான், நான் யோசிப்பதற்கு முன்னாலேயே, "தள்ளி விட்டுருச்சு" என்று சொன்னது. ஒரே வார்த்தை. அவ்வளவுதான். அதை அன்று சாயங்காலமே திருப்பி எடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்திருக்கலாம். எடுக்காமல் விட விட வெட்கம் கூடிக்கொண்டு போனது, நாளைக்கு என்று விட்டேன், நாளைக்குள் ஏரிப் பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. ஆளைத் தள்ளுகிற குதிரை என்று பெயர் வாங்கிய குதிரையை எவனும் வரிசையில் நிற்க விட மாட்டான். பிள்ளை குட்டிகளை ஏற்றுகிற இடம், அவர்கள் சொன்னதும் நியாயம். ரெஜினா ஒரு ராத்திரி முழுக்க அழுதாள். அழுதுவிட்டு, "ஒங்க உசுருக்கு மேல என்ன இருக்கு, வித்துருங்க" என்றாள். பழனியில் ஒரு ஜட்கா வண்டிக்காரர் வந்து பிடித்துக்கொண்டு போனார். ஒன்பது வருசம் மேகத்துக்குள் நடந்தவள் இப்போது தார் ரோட்டில் வண்டி இழுக்கிறாள். வண்டியில் ஏற்றும்போது அவள் திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"செவலை எப்படிண்ணே இருக்கா?" என்று வந்த மறு நிமிசமே ஜீனத் கேட்டாள். அவள் கேட்பாள் என்று பஸ்ஸில் வரும்போதே தெரியும். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன், வயசாகிப் போச்சும்மா, வீட்டோட கெடக்கா என்று. ஆனால் வாய் மறுபடியும் தன் இஷ்டத்துக்கு, "நல்லா இருக்கா" என்றது. சும்மா விட்டாளா அவள். "இன்னமும் மழைன்னா நனைய மாட்டேங்குறாளா?" ஆமாம்மா. "வாளியில தண்ணி வச்சா மொதல்ல மூக்க விட்டுக் கலக்குவாளே?" கலக்குறாம்மா. இப்போதும் தம்பியின் முதுகைத் துடைத்துக்கொண்டே கேட்கிறாள், "அவளுக்கு எல்லாத்தையும்விட முள்ளங்கி எலதான் புடிக்கும், கெடைக்குதா அங்க?" கிடைக்கிறது என்கிறேன். பொய் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. குட்டியாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் இவள். அன்றைக்கு விலை பேசி முடிந்ததும் காஜா பாய் என் கையைக் குலுக்கினார், இவள் மட்டும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருசம் கழித்து அதே பொம்பளை என் எதிரில் நின்று, அதே செல்லத்தோடு கேட்கிறாள். கேட்கும்போது அவள் கை நிற்கவில்லை, தம்பியின் முதுகில் போய்க்கொண்டே இருக்கிறது, அவனும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். நல்ல குதிரை. இவன்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. என்னிடம் வந்தால் என்ன ஆவான் என்பதுதான் தெரியவில்லை.

தம்ளரில் இன்னும் இரண்டு வாய் இருக்கிறது. மேலே ஆடை கட்டிவிட்டது. காஜா பாய் நான் கொண்டுவந்த சாக்கை அவிழ்த்து சேணத்தை எடுக்கிறார், கடிவாளத்தை எடுக்கிறார், சாக்கை உதறுகிறார். பிறகு துணிப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கயிறு எங்கண்ணே?" என்கிறார். எங்கள் பக்கத்தில் குதிரையை விற்பவர் கயிற்றைக் கொடுக்க மாட்டார். கழுத்தில் கிடந்த கயிறு விற்றவர் வீட்டோடு இருந்துவிட வேண்டும், அதுவும் சேர்ந்து போனால் வீட்டில் மிச்சம் இருக்கிற சீவனும் பின்னாலேயே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. வாங்குகிறவன்தான் புதுக் கயிறு கொண்டுவந்து, தன் கையால் கட்டிக்கொண்டு போக வேண்டும். கயிறில்லாமல் குதிரை வாங்க வருவதும் தாலி இல்லாமல் கல்யாணத்துக்கு வருவதும் ஒன்றுதான். அப்படி வந்த ஆட்களை நானே சந்தையில் வைத்துக் கேலி செய்திருக்கிறேன், வேடிக்கை பார்க்க வந்தீகளா என்று. "இருக்கும் பாய், நல்லாப் பாருங்க" என்கிறேன். பையில் எலுமிச்சைச் சாதம் இருக்கிறது, டார்ச் இருக்கிறது, தோளுக்குப் போடுகிற தைலம் இருக்கிறது, தம்பிக்கென்று ரெஜினா கொடுத்த கேரட் இருக்கிறது. கயிறு இல்லை. ரெஜினா போன வாரமே வாங்கி, முனை பிரியாமல் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாளே. பைக்கு மேலேயே வைத்தாளே. ஆமாம், வைத்தாள். விடிகாலையில் சாதத் தூக்கை உள்ளே வைப்பதற்காக நான்தான் அதை வெளியே எடுத்தேன். எடுத்து நாற்காலி முதுகில் போட்டேன். தூக்கை வைத்தேன். பையை மூடினேன். கயிறு நாற்காலியில் கிடப்பதைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. பார்த்தேன். பச்சை நிறம், புது நைலான், லைட் வெளிச்சத்தில் பளபளவென்று கிடந்தது, பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினேன். அப்படியானால் நான் குதிரை வாங்க வரவில்லை. கை கால் எல்லாம் பஸ் ஏறி வந்திருக்கிறது, வாங்குகிறவன் வீட்டிலேயே தங்கிவிட்டான்.

"மறந்துட்டீகளா? அதனால என்ன, கடைத்தெருவுல ரெண்டு நிமிசம், நான் வாங்கியாரேன்" என்கிறார் காஜா பாய். நல்ல மனுசன், அவருக்கு எல்லாமே ரெண்டு நிமிசம்தான். "நீங்க அதுக்குள்ள ஒரு சுத்து ஏறிப் பாருங்க." ஜீனத்தின் கை நின்றுவிட்டது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். "செவலைய வாங்க வந்தப்ப மூணு கயிறு கொண்டாந்தீங்கண்ணே" என்கிறாள் மெதுவாக. "எது அவ நெறத்துக்குப் பொருந்தும்னு ஒவ்வொண்ணா வச்சு வச்சுப் பாத்தீங்க. இவரு சிரிச்சாரு." நான் அதை மறந்தே போயிருந்தேன். மஞ்சள், நீலம், வெள்ளை. நீலத்தைத்தான் கட்டினேன். "அண்ணே," என்கிறாள், "செவலைக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் பழனியிலிருந்து ஆரம்பித்தேன், ஜட்கா வண்டி, வித்தாச்சு, பத்து மாசம் என்று பின்னால் பின்னால் போய், மழை, வளைவு, இடிந்த பாதை, அவள் நின்றது. "அவ தள்ளலம்மா. அவ நின்னா. நாந்தான் பராக்குப் பாத்துட்டு விழுந்தேன். எல்லார்ட்டயும் அவ தள்ளிட்டான்னு சொன்னேன்." கேட்டுக்கொண்டிருந்த காஜா பாய் சேணத்தைத் தரையில் வைத்தார். ஜீனத் மரத்து வேரில் உட்கார்ந்து முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து நின்றபோது அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "தம்பிய ஒங்களுக்குத் தர மாட்டேண்ணே" என்றாள். காஜா பாய், "ஜீனத்து" என்று ஆரம்பித்தார். "இருங்க. இவனும் ஒரு நா எங்கயாச்சும் நிப்பான். அவ கூடப் பொறந்தவன்தான, நிக்கிற எடத்துல நிப்பான். அன்னிக்கு இவனயும் சொல்லுவாரு." சொல்ல மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே நம்பிக்கை இல்லாததை அவளிடம் எப்படிச் சொல்வது. அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது, ரெஜினாவிடமும் பாதிரியாரிடமும் சொல்லாதது. "எனக்கு ஏறவே பயமா இருக்கும்மா. எந்தக் குதிரையப் பாத்தாலும் கால் ஆடுது." ஐம்பத்து மூன்று வயசில், ஒரு பொம்பளை எதிரில், இதைச் சொல்லிவிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் தம்பியின் பிடரியில் ஒட்டியிருந்த மாவிலையை எடுத்துப் போட்டாள். அப்புறம் கேட்டாள், "செவலையப் பாத்தாலுமா?"

என்ன கேள்வி இது என்று முதலில் தோன்றியது. செவலையை எங்கே பார்ப்பது, அவள்தான் பழனியில் இருக்கிறாளே. நினைத்துப் பார்த்தேன். அந்தச் செம்பட்டை முதுகு, தேய்ந்த சேணம், அங்கவடியில் என் இடது கால். உடம்பைத் தூக்குகிறேன். அவள் ஒரு காதைப் பின்னால் திருப்புகிறாள். முழங்கால் ஆடும் என்று காத்திருந்தேன். ஆடவில்லை. மறுபடி நினைத்துப் பார்த்தேன், வேண்டுமென்றே அந்த வளைவில் அவளை நிறுத்தி நினைத்துப் பார்த்தேன், அப்போதும் ஆடவில்லை. ஆடுவதற்கு என்ன இருக்கிறது. மலை முழுக்க அவளைப் பார்த்துப் பயப்படுகிறது, என் பேச்சைக் கேட்டு. அவள் தள்ளவில்லை என்று உறுதியாகத் தெரிந்த மனுசன் நான் ஒருத்தன்தான். எந்தக் குதிரைமேல் பழியைப் போட்டேனோ அந்த ஒரு குதிரையிடம் மட்டும் எனக்குப் பயமில்லை. இந்த வேடிக்கையை யாரிடம் சொல்லிச் சிரிப்பது. "இல்லம்மா" என்றேன். "பழனிக்கு ஒண்ணேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள் ஜீனத், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்தாளு தர மாட்டேன்னா எங்களுக்குப் போன் போடுங்க, இவரு வந்து பேசுவாரு. வண்டி இழுக்குறதுக்கு வேற குதிரை எங்களுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட இருக்கு." தம்பியின் பழைய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவனை வேலி நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காஜா பாய் சேணத்தை மறுபடி சாக்கில் போட்டுக் கட்டி, என் நல்ல தோளாகப் பார்த்துத் தூக்கி வைத்தார். இரண்டும் நல்ல தோள்தான் பாய் என்று சொன்னேன்.

ரோட்டுக்கு வருவதற்குள் போன் அடித்தது. ரெஜினா. வெயில் உச்சியில் இருந்தது, மாந்தோப்புக்கு மேலே எங்கள் மலை நீலமாகத் தெரிந்தது, அங்கே சமையற்கட்டு ஜன்னலோரம் போனை வைத்துக்கொண்டு அவள் நிற்பதும் தெரிந்தது மாதிரிதான். "ஏறியாச்சா? எப்படி இருக்கான் கறுப்பன்?" என்றாள். நல்லா இருக்கான் என்றேன். "கயித்த நாக்காலியிலயே வச்சிட்டுப் போயிட்டீங்களே, இப்பத்தான் பாத்தேன், பாய்ட்டச் சொல்லி ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிங்க." ரெஜினா, நான் அவன வாங்கல என்றேன். ஏன் என்றாள். பழனிக்குப் போறேன், செவலையக் கூட்டியாரப் போறேன் என்றேன். அவள் குரல் மாறிவிட்டது. "என்னங்க பேசுறீங்க? கொல்லப் பாத்தவ அவ." பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு என்னை ஒட்டிப் போனது, அது போகட்டும் என்று நின்றேன், போன பிறகும் நின்றேன். பிறகு, "அவ தள்ளல ரெஜினா. நானா விழுந்தேன். பொய் சொல்லிட்டேன்" என்றேன். போனைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அடுப்பில் எதுவோ கொதிக்கிற சத்தம் கேட்டது, அவள் மூச்சு கேட்டது. ரெஜினா போனை வைக்கவில்லை. நானும் வைக்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.